மருந்து நாளும் நல்ல நாளும்: கீமோ காலத்தில் கணவன் மனைவிக்கு ஒரு வழிகாட்டி

இராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் படகு எஞ்சின் பழுது பார்ப்பது என் தொழில். என் மனைவி வீட்டிலேயே மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறவள். 2023இல் அவளுக்கு இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்தது. அறுவை, எட்டுத் தடவை கீமோ, அப்புறம் கரண்ட் (கதிர்வீச்சுச் சிகிச்சை) என்று எல்லாம் முடியப் பத்து மாதத்துக்கு மேல் ஆனது.

தொடக்கத்தில் எதற்கெடுத்தாலும் "எல்லாம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றுதான் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அரியமான் கடற்கரைக்கு ஒரு நடை போய் வரலாமா என்று கேட்டாள். முடியட்டும் என்றேன். தங்கச்சி மகள் சடங்குக்குச் சேலை எடுக்கலாமா என்றாள். அதற்கும் முடியட்டும் என்றேன். இரண்டாவது கீமோ முடிந்து ஒரு நாள், காய்கறி நறுக்கிக்கொண்டே கேட்டாள்: "என்னங்க, இந்தப் பத்து மாசத்தை மட்டும் என் ஆயுசுல கணக்கு வைக்க மாட்டாங்களா?"

அதற்குப் பிறகு நாங்கள் நடந்துகொண்ட விதத்தைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். நம் கடற்கரையில், தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, இப்போதுதான் சிகிச்சை தொடங்கியிருக்கும் கணவன் மனைவிக்காக இது. மருத்துவ விஷயங்களில் எங்களுக்கு டாக்டரும் நர்ஸும் சொல்லிக்கொடுத்ததையே சொல்கிறேன். உங்கள் மருந்து வேறாக இருக்கும். எதைச் செய்வதற்கு முன்பும் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: காலண்டரில் எண் போடுங்கள்

கடல் தொழில் பார்க்கிற ஊர்களில் அமாவாசை, பௌர்ணமி, நீரோட்டம், காற்று எல்லாம் பார்த்துத்தான் வலை எடுக்கிறார்கள். கீமோவுக்கும் அப்படி ஒரு ஓட்டம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

பெரிய கட்டம் போட்ட மாதக் காலண்டர் ஒன்று வாங்குங்கள். மருந்து ஏற்றும் நாளில் 1 என்று எழுதுங்கள். அடுத்தடுத்த நாளுக்கு 2, 3, 4 என்று போட்டுக்கொண்டே போங்கள். எங்களுக்கு 21 நாள் சுற்று. 21 முடிந்ததும் மறுபடி 1. சிலருக்கு வாரம் ஒரு தடவை மருந்து இருக்கும், சிலருக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. எதுவானாலும் எண் போடுங்கள்.

எங்கள் வீட்டில் அது எப்படி இருந்தது என்றால், 1ஆம் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது. வாந்தி வராமல் இருக்க ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அதனால் அன்றைக்கு இரவும் மறுநாள் இரவும் தூக்கம் வராது. 3 முதல் 6 வரை சோர்வு, குமட்டல். 7இலிருந்து 14 வரை உடம்பு கொஞ்சம் தேறினாலும் ரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும். ஆஸ்பத்திரியில் இதைத்தான் "கவுண்ட் குறைந்துவிட்டது" என்பார்கள். பார்க்க நன்றாக இருந்தாலும் கிருமி தொற்ற வாய்ப்புள்ள நாட்கள் இவை. 15 முதல் 21 வரை நல்ல நாட்கள். பசிக்கும், நடக்கலாம், கோபம்கூட ஒழுங்காக வரும்.

முதல் சுற்றில் ஒவ்வொரு நாளும் எப்படி இருந்தது என்று கட்டத்துக்குள் ஒரு வார்த்தை எழுதிவையுங்கள். பெரும்பாலும் இரண்டாவது சுற்றும் அதே மாதிரிதான் வரும். அப்போது நல்ல நாட்கள் எவை என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். விசேஷ வீடு, கடற்கரை, சினிமா எல்லாவற்றையும் அந்த நாட்களில் போட்டுக்கொள்ளலாம். தங்கச்சி மகள் சடங்கு எங்கள் மூன்றாவது சுற்றின் 17ஆம் நாளில் வந்தது. போனோம். முன்வரிசையில் உட்காராமல் காற்றோட்டமாகப் பந்தல் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டோம்.

தூக்கம் வராத அந்த முதல் இரவை வீணாக்காதீர்கள் என்று சொல்வேன். நாங்கள் திண்ணையில் பாய் விரித்து உட்கார்ந்துவிடுவோம். நம் பக்கம் இரவில் இலங்கை வானொலி தெளிவாகக் கேட்கும். அவள் சுவரில் சாய்ந்துகொள்வாள், நான் அவள் காலை மடியில் வைத்துக்கொண்டு தேங்காய் எண்ணெய் தடவி விடுவேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் அவ்வளவு பேசியதில்லை.

காய்ச்சல் மட்டும் விளையாட்டில்லை

மற்றதெல்லாம் முன்பின் இருக்கலாம், இதில் மட்டும் கறாராக இருங்கள். ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். கீமோ காலத்தில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால், அல்லது குளிர்நடுக்கம் வந்தால், இரவு எத்தனை மணி ஆனாலும் கிளம்ப வேண்டும். பாராசிட்டமால் போட்டுக் காலை வரை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும், கிருமி உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும்.

சிகிச்சை நடக்கும் மதுரை தூரம் என்று யோசிக்க வேண்டாம். 108க்கு அழைத்து, பக்கத்தில் இருக்கும் பெரிய மருத்துவமனைக்கு முதலில் போய்விடுங்கள். இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. போனதும் முதல் வாக்கியமாக "கீமோ ஓடிக்கொண்டிருக்கிறது, கடைசி மருந்து இத்தனை நாளைக்கு முன்னால்" என்று சொல்லுங்கள். சாதாரணக் காய்ச்சல் வரிசையில் உட்கார வைக்காமல் பார்ப்பார்கள். ஃபைல் எப்போதும் ஒரே பையில், கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கட்டும்.

மார்பில் அறுவை செய்து அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால், அந்தப் பக்கத்துக் கையில் ஊசி போடவோ பிரஷர் பார்க்கவோ விடாதீர்கள். அவசரத்தில் நர்ஸுக்குத் தெரியாது, நோயாளிக்குச் சொல்லத் தெம்பு இருக்காது. அதைச் சொல்வது கூட இருப்பவரின் வேலை. அந்தக் கையால் தண்ணீர்க் குடத்தைத் தூக்கவும் விட வேண்டாம். மீன் ஆயும்போது முள் குத்தினால் கை வீங்கிவிடும் என்பதால் எங்கள் வீட்டில் மீன் ஆய்வது அன்றிலிருந்து என் பொறுப்பு.

சாப்பாடு: மீன் நாற்றமாகிப் போன வீட்டில்

எங்கள் ஊரில் மீன் வாடை இல்லாத இடமே கிடையாது. கருவாட்டுக் களம், ஐஸ் பெட்டி, வலை, என் சட்டை என்று எல்லாவற்றிலும் அது இருக்கும். பிறந்ததிலிருந்து அதிலேயே வளர்ந்தவள், கீமோ தொடங்கியதும் வாசலில் மீன்காரம்மா குரல் கேட்டாலே உள்ளே ஓடுவாள். மீனே தொண்டையில் இறங்காது என்று ஆனபோது அவள் அழுதாள். சாப்பாடு போய்விட்டதே என்பதைவிட, தான் தானாக இல்லையே என்ற வருத்தம் அது.

நாங்கள் செய்தது இதுதான். 3 முதல் 6ஆம் நாள் வரை வீட்டுக்குள் மீனும் கருவாடும் சமைப்பதில்லை. நான் வேலை முடிந்து வந்ததும் பின்பக்கம் குளித்துவிட்டு, சட்டையை வெளியே போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவேன். சூடான சாப்பாட்டில்தான் வாடை அதிகம் கிளம்பும். அதனால் ஆற வைத்துச் சாப்பிடுவது நல்லது. தயிர்சாதம், இட்லி, எலுமிச்சைச் சாதம், வெள்ளைக் கஞ்சியோடு துவையல் இவையெல்லாம் இறங்கும். மூன்று வேளைக்குப் பதிலாக ஆறு வேளை, சின்னச் சின்னதாகக் கொடுங்கள். சாப்பிடு சாப்பிடு என்று பக்கத்தில் நின்று கெஞ்சாதீர்கள். கிண்ணத்தை வைத்துவிட்டு நீங்களும் ஒரு கிண்ணத்தோடு உட்காருங்கள், போதும்.

வாயில் இரும்பைச் சப்பியது மாதிரி ஒரு ருசி வரும் என்று பலர் சொல்வார்கள். அவளுக்கும் இருந்தது. எவர்சில்வர் தட்டையும் டம்ளரையும் எடுத்து வைத்துவிட்டு, வாழை இலையிலும் கண்ணாடி டம்ளரிலும் கொடுத்துப் பார்த்தோம். வித்தியாசம் தெரிந்தது. நம் ஊரில் பதநீர் குடிக்கப் பனை ஓலையில் பட்டை பிடிப்பார்களே, அதே மாதிரி ஒன்று மடித்து அதில் கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன். ஓலை வாசனையோடு குடித்தாள். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் பனங்காட்டில் நின்று குடித்ததைச் சொல்லிக்கொண்டே குடித்தாள். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

வாயில் புண் வந்துவிட்டால் நம் முண்டு மிளகாயை ஒதுக்கி வையுங்கள். புளி, சூடு, முறுக்கு மாதிரி குத்துகிற பண்டம் எல்லாவற்றையும்தான். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பும் ஒரு டீஸ்பூன் ஆப்பச்சோடாவும் கலந்து, ஒரு நாளைக்கு நாலைந்து தடவை கொப்பளிக்கச் சொன்னார்கள். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே பயன்படுத்துங்கள். காரம் போய்விட்டால் ருசிக்கு என்ன செய்வது? தேங்காய்ப்பாலில் வைக்கும் மீன் குழம்புதான் எங்களைக் காப்பாற்றியது. கீழக்கரைப் பக்கம் ஆணம் என்பார்கள். மிளகாயைக் குறைத்து, சீரகமும் சின்ன வெங்காயமும் தேங்காய்ப்பாலும் தூக்கலாக இருந்தால் புண் வாய்க்கும் இதமாக இறங்கும். முள் குறைவான விளமீன் அல்லது பாறை எடுத்துக்கொள்ளுங்கள். 15ஆம் நாளுக்கு மேல் மீன் வாடை அவளுக்குப் பிடிக்க ஆரம்பித்துவிடும், அப்போது இதை வைப்போம்.

மீனில் கவனிக்க வேண்டியது, நன்றாக வெந்திருக்க வேண்டும் என்பது. கணவாய், நண்டு, சிப்பி எதுவானாலும் அரைவேக்காடு கூடவே கூடாது. கவுண்ட் குறைந்த நாட்களில் பதநீரை நாங்கள் தவிர்த்தோம். மரத்திலிருந்து இறக்கி அப்படியே குடிப்பது அது, காய்ச்சாதது. நுங்கைக் கடையில் வெட்டி வைத்ததாக வாங்காமல் குலையாக வாங்கி வந்து, கழுவிய கத்தியால் வீட்டில் சீவிக் கொடுத்தேன். தண்ணீர் எப்போதும் கொதிக்க வைத்ததுதான். கடை ஐஸ் போட்ட ஜூஸ் கிடையாது. இரவு வெளியிலேயே இருந்த பழைய சோறும் அந்தக் காலத்தில் வேண்டாம்.

பனங்கிழங்கு பற்றிக் கேட்பீர்கள். தை, மாசியில் அது இல்லாமல் நம் வீடுகள் இருக்காது. அவித்துத் தருவதுதானே, தாராளமாகத் தரலாம். கீமோவிலும் வாந்தி மாத்திரையிலும் மலச்சிக்கல் வரும், கிழங்கில் இருக்கும் நார் அதற்கு நல்லது. வாய்ப்புண் இல்லாத நாளாகப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். புற்றுநோய் ஒட்டிக்கொள்ளாது. தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய் போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அவள் கடித்த மீதியை நான் சாப்பிட்டிருக்கிறேன். மருந்து ஏற்றி முதல் இரண்டு நாள் மட்டும் சிறுநீர், வாந்தி இவற்றில் மருந்து வெளியேறும். கக்கூஸில் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றுங்கள், துணி அசுத்தமானால் கையுறை போட்டுத் தனியாக அலசுங்கள். எங்களுக்கு முதல் நாலு தடவை ஏற்றியது சிவப்பு மருந்து. மறுநாள் சிறுநீரும் சிவப்பாகப் போகும், ரத்தம் என்று பயந்துவிட வேண்டாம்.

கடற்கரைக்குப் போவது எப்படி

சிகிச்சை நேரத்தில் மெதுவான நடை உடம்புச் சோர்வைக் குறைக்கும் என்று டாக்டரே சொன்னார். நமக்கு இருபுறமும் கடல். எந்தக் கடலுக்குப் போவது என்பதைக் காற்று சொல்லும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், மணல் பறந்து முகத்தில் அடிக்கும். அப்போது வடகடல் குளம் மாதிரி கிடக்கும். வாடைக் காற்று தொடங்கியதும் இது தலைகீழாகிவிடும். தனுஷ்கோடிப் பக்கம் வடக்கைப் பெண்கடல், தெற்கை ஆண்கடல் என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. கீமோவில் இமைமுடியும் உதிர்ந்துவிடுவதால் கண்ணில் மணல் விழுந்தால் ரொம்பவே உறுத்தும். காற்று அடங்கிய கரையாகப் பாருங்கள்.

மாலை ஐந்து மணிக்கு மேல் போங்கள். சில கீமோ மருந்துகளில் வெயில் பட்டால் தோல் சீக்கிரம் கறுத்துப் புண்ணாகும். தலையில் பருத்தித் துணி, முழுக்கைச் சட்டை, காலில் செருப்பு அவசியம். உள்ளங்கால் சிவந்து எரியும் மருந்துகளும் உண்டு, விரல் மரத்துப்போகும் மருந்துகளும் உண்டு. மரத்த காலுக்குச் சூடும் தெரியாது, சிப்பி கிழித்ததும் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் நீங்களே அவர் பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் புரட்டிப் பாருங்கள்.

தண்ணீரில் கால் நனைக்கலாமா என்று ஆசையாக இருக்கும். காலில் சிறு கீறல் இருந்தாலும், கவுண்ட் குறைந்த நாளாக இருந்தாலும், வேண்டாம். வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ என்ற கிருமி இருக்கும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குக் காயம் வழியாகவோ வேகாத சிப்பி வழியாகவோ அது உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. கையிலோ மார்பிலோ மருந்துக்குழாய் பொருத்தியிருந்தால் கடல் குளியலை அடியோடு மறந்துவிடுங்கள். கரையில் உட்கார்ந்து பார்ப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

நாங்கள் அதிகம் போனது பாம்பன் சாலைப் பாலத்துக்கு. அப்போது பக்கத்தில் புதிய ரயில் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் 16, 17ஆம் நாள் போய் ஓரமாக நின்று, போன தடவைக்கு இந்தத் தடவை எத்தனை இரும்பு உத்திரம் கூடியிருக்கிறது என்று எண்ணுவோம். அவள் தைத்த துணியை எண்ணுவது மாதிரி விரல் விட்டு எண்ணுவாள். 2025 ஏப்ரலில் பாலம் திறந்த பிறகு ரயிலில் ஏறி இராமேஸ்வரம் வரை போய் வந்தோம். குளிர்காலத்தில் வசதிப்பட்டால் தனுஷ்கோடி போகும் வழியில் பூநாரை பாருங்கள். வண்டியில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம், நடக்க வேண்டியதில்லை.

அவர் வேலையை அவரிடமே விடுங்கள்

நான் செய்த பெரிய தப்பு இதில்தான். அறுவை முடிந்து வந்ததும் தையல் மெஷினைத் துணி போட்டு மூடி மூலையில் தள்ளிவிட்டேன். ஊசி குத்தினால் கிருமி, மிதித்தால் சோர்வு என்று கணக்குப் போட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வாடிக்கையாக வரும் பெண்கள் வேறு வீட்டுக்குத் துணி எடுத்துப் போவதை வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் பேசித் தீர்த்துக்கொண்டோம். நல்ல நாட்களில் தைக்கலாம், ஒரு நாளைக்கு ஒன்று. கவுண்ட் குறைந்த நாட்களில் அளவு எழுதுவது, சாக்கட்டியால் கோடு போடுவது மட்டும். ஐந்தாவது கீமோவிலிருந்து மருந்து மாறியது. விரல் நுனி மரத்துப்போய் ஊசி பிடிக்க முடியவில்லை. இதை உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அளவைக் குறைப்பார்கள், இல்லை இடைவெளி விடுவார்கள். தாங்கிக்கொள்வது வீரமில்லை. அந்த மாதங்களில் ஊசியில் நூல் கோப்பதும், கொக்கி வைப்பதும், காஜா எடுப்பதும் என் வேலையானது. டீசல் எஞ்சின் பிரிக்கிற கைக்குக் கொக்கி வைக்கத் தெரியாது என்று நினைத்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். கோணினால் பிரிக்கச் சொன்னாள். ஒரு ஆசிரியையாக அவள் குரல் உயர்ந்தபோது எனக்கு உள்ளே குளிர்ந்தது.

உங்கள் வீட்டில் அது மீன் ஏலக் கணக்காக இருக்கலாம், பாசி எடுப்பதாக, மளிகைக் கடையாக இருக்கலாம். கணவருக்கு நோய் என்றால், கடலுக்குப் போக முடியாதவருக்குக் கரையில் வலை பொத்துவதாவது இருக்கட்டும். எதைச் செய்ய முடியும் என்று அவரையே கேளுங்கள். நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

விசைப்படகுத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். கணவர் கரையில் இருக்கும் காலம் அது. டாக்டர் தேதியில் விட்டுக்கொடுக்க இடம் இருக்கிறது என்று சொன்னால் மட்டும், கூடவே ஆள் தேவைப்படும் கட்டத்தை அதில் பொருத்திக்கொள்ளலாம். அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

முடி

முதல் கீமோ முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் கொட்டத் தொடங்கும். தலையணையில் கொத்துக் கொத்தாகப் பார்ப்பதைவிட முன்பே குட்டையாக வெட்டிக்கொள்வது நல்லது. அவளுக்கு நான்தான் மெஷின் போட்டு எடுத்தேன், பின்வாசலில், சாயங்கால வெளிச்சத்தில். பெண்ணுக்கு மொட்டை என்றால் நம் ஊரில் எந்தக் கோயில் வேண்டுதல் என்று கேட்பார்கள். சொல்ல விருப்பமிருந்தால் உண்மையைச் சொல்லலாம், இல்லாவிட்டால் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போகலாம். மீதித் துணியில் பருத்தித் தொப்பிகள் தைத்துக்கொண்டாள். முடி திரும்ப வளரும்.

தொடுவது பற்றி

இதை யாரும் கேட்க மாட்டார்கள், டாக்டரும் அவசரத்தில் சொல்ல மாட்டார். கீமோ காலத்தில் சேர்ந்திருக்கக் கூடாது என்று பொதுவாகத் தடை கிடையாது. மருந்து ஏற்றி முதல் இரண்டு மூன்று நாள் ஆணுறை இல்லாமல் வேண்டாம். கவுண்ட் குறைந்த நாட்களில் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். சிகிச்சை நடக்கும்போதும் அதற்குப் பிறகு அவர்கள் சொல்லும் காலம் வரையும் கர்ப்பம் தரிக்கக் கூடாது. இளம் தம்பதி என்றால், பின்னால் குழந்தை வேண்டுமா என்பதை முதல் கீமோவுக்கு முன்பே டாக்டரிடம் பேசுங்கள். விந்தையும் கருமுட்டையையும் எடுத்துப் பாதுகாக்க வழி இருக்கிறது. தொடங்கிய பிறகு கேட்டால் காலம் கடந்திருக்கும்.

ஆசை வராத மாதங்களும் இருக்கும். அறுவைத் தழும்பைக் காட்டக் கூச்சப்பட்டு அவள் இருட்டில்தான் துணி மாற்றுவாள். நான் அவசரப்படுத்தவில்லை. புண் ஆறிய பிறகு தழும்பைச் சுற்றி எண்ணெய் தடவி மெதுவாக நீவிவிட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கை எட்டவில்லை என்று அவளே ஒரு நாள் என்னிடம் கிண்ணத்தை நீட்டினாள். கூச்சம் அப்படித்தான் போனது.

பார்க்க வருகிறவர்கள்

நல்ல மனதோடுதான் வருவார்கள். ஆனால் சளி, இருமலோடு வருகிறவரை வாசலிலேயே நிறுத்துவதற்கு ஓர் ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அது மதினி. "இன்னைக்கு அவளுக்கு முடியல, ஞாயித்துக்கிழமை வாங்க" என்று முகம் கோணாமல் சொல்லிவிடுவார். இந்த வேர், அந்தச் சாறு என்று கொண்டுவருவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், டாக்டரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள். கீமோவோடு சேர்ந்து ஈரலைக் கெடுப்பவை அதில் இருக்கலாம். உதவி செய்யட்டுமா என்று கேட்பவரிடம் திட்டமாகக் கேளுங்கள்: செவ்வாய்க்கிழமை இட்லி மாவு, வியாழக்கிழமை பிள்ளையை டியூஷனிலிருந்து கூட்டிவருவது என்று.

பணம், பயணம், மதுரை அறை

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள மையத்துக்குப் போங்கள். சந்தேகம் இருந்தால் 1800 425 3993க்கு அழைக்கலாம். அட்டை கையில் இல்லையே என்று வட்டிக்கு ஓடுவதற்கு முன் இதை முடியுங்கள்.

ரயிலில் புற்றுநோயாளிக்குச் சிகிச்சைப் பயணத்தில் சலுகை உண்டு. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்குக் கட்டணமே இல்லை, கூட வருபவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. ரயில்வே படிவத்தில் ஆஸ்பத்திரி டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் வாங்க வேண்டும். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வரை போகிறவர்களுக்கு இது பெரிய உதவி.

எங்களுக்கு மதுரை, சுமார் 150 கிலோமீட்டர். மருந்து நாளுக்கு நாங்கள் முந்தின நாளே போய்விடுவோம். பையில் போர்வை, வாந்திக்குப் பிளாஸ்டிக் கவர், கொதித்தாறிய தண்ணீர், தாயக்கட்டையும் சோழியும் இருக்கும். மருந்து இறங்க நாலைந்து மணி நேரம் ஆகும். பக்கத்துக் கட்டிலில் இருந்த அக்காவும் எங்களோடு தாயம் ஆடுவார்.

கரண்ட் வைக்கும்போது வாரத்தில் ஐந்து நாள், சில வாரங்கள் தொடர்ந்து போக வேண்டும். தினமும் மண்டபத்திலிருந்து போய்வர முடியாது என்பதால் ஆஸ்பத்திரிப் பக்கத்தில் ஓர் அறை எடுத்தோம். ஒரு நாளைக்குச் சிகிச்சை சில நிமிடம்தான். மீதி நாள் முழுக்க இரண்டு பேரும் சும்மா இருக்கிறோம். இப்படி ஒரு காலம் எங்களுக்கு வாய்த்ததே இல்லை. இண்டக்‌ஷன் அடுப்பில் நான் சமைத்தேன். சாயங்காலம் வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்போம். உடம்பில் போட்ட மை அடையாளத்தைத் தேய்த்துவிடக் கூடாது, அந்த இடத்தில் டாக்டர் சொல்லாத சோப்பு, பவுடர் வேண்டாம், தளர்வான பருத்தி உடை போதும். அவளே தளர்வாக நாலு ரவிக்கை தைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

கூட இருப்பவருக்கு

நீங்களும் சாப்பிடுங்கள், தூங்குங்கள். வாரத்தில் ஒரு நாள் அரை நாளாவது உங்கள் வேலைக்குப் போங்கள், வேறு யாராவது பக்கத்தில் இருக்கட்டும். எனக்கு அழுகை வந்தால் படகுத்துறைக்குப் போய்விடுவேன். பின்னால் ஒரு நாள் அவள் முன்னாலேயே அழுதேன். அவள் என் தலையைப் பிடித்துக்கொண்டாள். அதை முதலிலேயே செய்திருக்கலாம். அவளுக்கும் யாரையாவது தாங்கிக்கொள்ளத் தோன்றும் என்பது எனக்குப் பிடிபடவில்லை.

சிகிச்சை முடிந்த பிறகு

கடைசி நாள் வீட்டுக்கு வந்தால் ஒரு வெறுமை இருக்கும், அதுவும் வழக்கம்தான். செக்கப் தேதிக்கு ஒரு வாரம் முன்பே இரண்டு பேருக்கும் தூக்கம் கெடும். நாங்கள் அந்தத் தேதியோடு மதுரையில் ஒரு வேலையைச் சேர்த்துவிடுகிறோம், பெரும்பாலும் பட்டன், நூல், லைனிங் துணி வாங்குவது. ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் கடை கடையாக ஏறி இறங்குவோம்.

இப்போது அவளுக்குத் தினமும் ஒரு மாத்திரை, ஐந்து வருஷத்துக்கு. அதனால் நடு இரவில் திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கும். இதற்குப் பருத்திச் சேலையும் தலைமாட்டில் ஒரு செம்புத் தண்ணீரும் போதும். எழுந்து திண்ணைக்கு வந்துவிடுவாள். நானும் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போவேன், வானொலியையும் எடுத்துக்கொண்டு.